கையெழுத்து வைக்குமுன்



இந்த இதழுக்காக மேசையில் சேர்ந்திருந்த கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். தொடர்கதையைப் பற்றி எழுதியவர்கள் இருந்தார்கள், பிள்ளையின் பரீட்சை முடிவைச் சந்தோஷத்தோடு சொன்னவர்கள் இருந்தார்கள். அவற்றுக்கு நடுவே, மட்டக்களப்பின் எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்த பல கடிதங்களில் ஒரே கேள்வி இருந்தது. சட்டத்தரணியிடம் போகலாமா? போனால் குடும்பம் உடைந்துபோகாதா? ஒரு தாய் இப்படிக் கேட்டிருந்தார்: "நான் என்ன குற்றமா செய்தேன், எனக்கு எதுக்கு லோயர்?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கோடு கச்சேரி என்று அலைவது குடும்பத்துக்கு இழுக்கு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பது நல்ல வழக்கம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேசிப் பேசி வருடங்கள் போனபின், வீட்டு உறுதி கைமாறியபின், பிள்ளையை அடுத்த மாவட்டத்துக்குக் கூட்டிப்போனபின் சட்டத்தரணியைத் தேடுகிறவர்களே நம்மிடம் அதிகம். குடும்ப வழக்குகளைப் பார்க்கும் சட்டத்தரணியின் வேலையில் பாதி வழக்கே இல்லாத வேலை. எதில் கையெழுத்து வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்று சொல்வதும், எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பதும் அந்தப் பாதியில் அடங்கும். அந்த உதவியை நாம் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

நமது பகுதியில் இந்த விஷயம் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து வருகிறவர்கள் இங்கே முதலில் கவனிப்பதும் அதைத்தான். மகள் பிறந்தால் வீட்டுக்குக் கல் சேர்க்கத் தொடங்குவோம். கலியாணம் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கம் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவார்கள், இளையவளுக்கு அந்த வீடு. தமிழரிடமும் இது உண்டு, காத்தான்குடி, ஏறாவூர் தொடங்கி அக்கரைப்பற்று வரை முஸ்லிம்களிடமும் உண்டு. குடி என்ற குலப் பிரிவும் தாய்வழியாகவே வருகிறது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே கிழக்குக் கரைச் சமூகத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட பெரிய நூலில் இந்தத் தாய்வழி அமைப்பை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஒரு காலத்தில் இதற்கென்றே முக்குவர் சட்டம் என்ற வழமைச் சட்டம் மட்டக்களப்பில் இருந்தது. ஒருவரின் முதுசம் அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை அது. கிறிஸ்தோபர் பிரித்தோ அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நூல் வெளிவந்த 1876 ஆம் ஆண்டிலேயே திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தது. அதன்பின் முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. வடக்கில் தேசவழமை இன்றுவரை சட்டமாக நிலைத்திருக்கிறது. நமக்கோ வழமை பழக்கத்தில் இருக்கிறது, சட்டத்தில் இல்லை.

இதன் விளைவைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு தாயின் பெயரில் வீடும் வளவும் இருக்கின்றன. கணவர் இருக்கிறார், மூன்று பிள்ளைகள். வீடு கடைசி மகளுக்கு என்பது ஊருக்கே தெரியும். அவள்தான் அங்கே இருக்கிறாள், தாயைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். ஆனால் உறுதி எழுதவில்லை, மரணசாசனமும் இல்லை. தாய் கண்ணை மூடினால், அந்த 1876 ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதி கணவருக்குப் போகும். மற்றப் பாதி ஆண், பெண் என்ற வித்தியாசமின்றி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். ஊரே அவளுடையது என்று சொன்ன வீட்டில் அந்த மகளுக்கு ஆறில் ஒரு பங்கு. அண்ணன்மார் நல்லவர்களாக இருந்தால் விட்டுக்கொடுத்து எழுதித் தருவார்கள். அண்ணன்மார் நல்லவர்களாக இருந்தும் அவர்களுக்கு ஒரு கடன் வந்துவிட்டால், அல்லது ஒருவர் இறந்து அவருடைய பங்கு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட்டால், யாரைக் குறை சொல்வது? யாரும் கெட்டவர்களாக இல்லாமலே ஒரு வீடு வழக்குக்குப் போய்விடும்.

"ஐயா எல்லாருக்கும் முன்னால் சபையில் சொன்னாரே, வீடு இவளுக்குத்தான் என்று" என்பார்கள். சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. காணியோ வீடோ கைமாற வேண்டுமென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். சபையில் சொன்ன சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு, காணிப் பதிவகத்தில் இல்லை. ஆகவே கலியாணப் பேச்சில் வீடு பேசப்படும் அன்றே ஒரு சட்டத்தரணியும் பேச்சில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பந்தலுக்கும் நகைக்கும் போகிற செலவில் மிகச் சிறிய பங்குதான் ஒரு சீதன உறுதிக்கு ஆகும். எழுதிக் கொடுத்தால் கடைசிக் காலத்தில் நடுத்தெருவில் நிற்போமோ என்று பெற்றோருக்குப் பயம் வருவது நியாயம். அதற்கும் வழி இருக்கிறது. தாங்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் ஆயுள் உரித்தை வைத்துக்கொண்டு உறுதி எழுதலாம். இதைச் சட்டத்தரணி சொல்லித்தான் பலருக்குத் தெரியவருகிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்ததையும் மறக்க முடியாது. கடல் கொண்டுபோன வீடுகளில் எத்தனையோ வீடுகள் பெண்களின் பெயரில் இருந்த சீதன வீடுகள். ஆனால் புது வீட்டுக்கான படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் கணவரின் பெயர் எழுதப்பட்டது, வீடும் கணவரின் பெயருக்கே வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்கு வந்த சொத்து, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தால் கைமாறியது. இது கிழக்குக் கரை முழுவதும் நடந்து, பெண்கள் அமைப்புகளாலும் ஆய்வாளர்களாலும் பதிவு செய்யப்பட்ட விஷயம். அந்த நெருக்கடியில், கூடாரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில், "அக்கா, இது உங்கள் பெயரில் இருந்த வீடு, இங்கே உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்" என்று சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

பெர்மிட் காணி இன்னொரு கதை. படுவான்கரையில் பலரும் இருப்பது அரச அனுமதிப்பத்திரக் காணியில். அது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது, சாதாரண மரபுரிமைச் சட்டம் அங்கே செல்லாது. பின்னுரித்தாளர் என்று ஒருவரின் பெயரைப் பதிந்து வைக்க வேண்டும். பதியாவிட்டால், மகள்மாருக்கு முன் மகன்மாருக்கு முன்னுரிமை கொடுக்கும் அட்டவணை மிக நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. 2022 இல்தான் அந்தப் பாகுபாடு திருத்தப்பட்டது. உங்கள் பெர்மிட்டில் பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். இதற்குச் சட்டத்தரணிகூடத் தேவையில்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும், கலியாணம் பேசிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க. தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாண மாப்பிள்ளையைக் கட்டும் மட்டக்களப்புப் பெண், அந்தத் திருமணம் நிலைத்திருக்கும்வரை தேசவழமைக்கு உட்படுகிறாள். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதன்படி, தாய் தந்த வீட்டை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ அவளுக்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவளுடைய தங்கை உள்ளூரில் கட்டியிருந்தால் அந்தத் தங்கைக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வளவில் இரண்டு வீடுகள், இரண்டு சட்டங்கள். இது அந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லக் காரணமே இல்லை. உறுதி எழுதும்போது தெரிந்திருக்க வேண்டிய விஷயம், அவ்வளவுதான்.

இனி, பிரச்சினை வந்துவிட்ட வீடுகளுக்கு வருவோம்.

நம்மவர்களுக்கு 'கோடு' என்றால் ஒன்றுதான். சட்டத்தரணி முதலில் செய்வது எந்தப் பிரச்சினை எந்த நீதிமன்றத்துக்கு உரியது என்று பிரித்துச் சொல்வது. கணவர் செலவுக்குப் பணம் தராமல் விட்டால் அது நீதவான் நீதிமன்றத்துக்கு உரியது. விவாகரத்தும் அதனோடு வரும் பிள்ளைகளின் பொறுப்பும் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவை. விவாகரத்துக் கேட்காமலே தாபரிப்பு மட்டும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. "பணம் கேட்டால் தாலியைக் கழற்ற வேண்டி வரும்" என்று பயந்துகொண்டு பட்டினியோடு இருக்கிற பெண்களை நான் கண்டிருக்கிறேன். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, வசதியிருந்தும் தன் குடும்பத்தைப் பார்க்காத ஒருவரிடமிருந்து, தம்மைத் தாமே பராமரிக்க முடியாத மனைவிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் மாதாமாதம் பணம் கேட்கலாம். படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இதையும் கவனியுங்கள்: 18 இற்கும் 25 இற்கும் இடைப்பட்ட, தம்மைத் தாமே பார்க்க முடியாத பிள்ளைகளுக்கும், எந்த வயதிலும் இயலாமையுள்ள பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. கணவர் கொழும்பில் வேலை என்றால் கொழும்புக்குப் போய் வழக்காட வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். மண்டூரில் இருக்கும் ஒரு தாய், பாதைப் படகேறி வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்தால் களுவாஞ்சிகுடி நீதிமன்றம் பக்கத்தில்தான். கட்டளை கிடைத்தபின்னும் கட்டாதவருக்குச் சிறைத்தண்டனை வரலாம், சம்பளத்திலிருந்து கழிக்கவும் கட்டளையிடலாம்.

அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டில் இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒருவரைச் சிறையில் போடுவதற்கென வந்ததில்லை, அடியை நிறுத்துவதற்காக வந்தது. நீதவான் முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தரலாம், விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரைக்கும் கட்டளை தரலாம். அடிப்பவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் அதில் சொல்லலாம். மனைவிக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கும் மகனுக்கு எதிராகத் தாயும் கேட்கலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் மனுச் செய்யலாம். பொலிஸுக்குப் போய், "பேசிச் சமாதானமாகுங்கள்" என்ற புத்திமதியோடு திரும்பி வந்தவர்கள், அத்தோடு வழி அடைபட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். நேராக ஒரு சட்டத்தரணியிடம் போகலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம்.

விவாகரத்தைப் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் நம் ஊர்களில் பரவிக் கிடக்கிறது. சமாதான நீதவான் முன்னிலையிலோ, பொலிஸிலோ, கோயில் நிர்வாகத்தார் முன்னிலையிலோ "இனி நாங்கள் பிரிந்துவிட்டோம், ஒருவருக்கொருவர் தலையிடமாட்டோம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டால் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. அந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. அதன்மேல் குற்ற வழக்கும் வரலாம். பொதுச் சட்டத்தின் கீழ் இருவரும் மனமொத்துக் கேட்டாலும்கூட அது போதாது. 1907 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்லும் மூன்று காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும்: திருமணத்தின் பின் பிறரோடு உறவு, வன்மத்தோடு கைவிட்டுச் செல்லல், திருமண வேளையிலேயே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மைக் குறைபாடு. தீர்ப்பு வந்த அன்றே கட்டு அவிழ்ந்துவிடாது. முதல் தீர்ப்புக்கும் அது முற்றாக நடைமுறைக்கு வருவதற்கும் இடையில் குறைந்தது மூன்று மாதங்கள் உண்டு. யாருமே தவறு செய்யாமல் இருவர் ஒத்துவராமல் போனாலும், ஒருவர்மேல் குற்றம் சுமத்தினால்தான் பிரிய முடியும் என்ற இந்தச் சட்டம் மாற வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பிள்ளைகள் அந்தக் குற்றச்சாட்டுகளைக் காலமெல்லாம் சுமக்கிறார்கள். சட்டம் மாறும்வரை, தேவையற்ற வசையை மனுவில் எழுதாமல், வேண்டியதை மட்டும் எழுதும் சட்டத்தரணி கிடைப்பது பெரிய விஷயம்.

"எங்களுக்குப் பதிவே இல்லை, கோயிலில் தாலி கட்டியதுதான்" என்று எழுதியிருந்த சகோதரிக்கு: பதிவு இல்லை என்பதற்காக நீங்கள் உரிமையற்றவர் ஆகிவிடவில்லை. வழமைப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றம் சாட்சிகளைக் கொண்டு ஏற்க முடியும். ஐயர், சாட்சிகள், படங்கள், ஒன்றாக வாழ்ந்ததை அறிந்த அயலவர் என்று சேர்த்து நிரூபிப்பது கடினமான வேலை, ஆனால் செய்யக்கூடிய வேலை. யுத்த காலத்தில், பிள்ளைகளை இயக்கத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் அவசரம் அவசரமாக நடந்த கலியாணங்கள் நம் கிராமங்களில் எத்தனை! அவற்றில் பலவற்றுக்குப் பதிவில்லை. கட்டும்போது வயதும் போதாதிருந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகும். அதற்கு வெட்கப்பட்டு மறைக்காமல் உள்ளதை உள்ளபடி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். உங்களிடமிருந்து கேட்டதை அவர் வெளியே சொல்லக்கூடாது என்பது அவருடைய தொழிலின் கடமை.

இனி எழுதப் போவதை எழுத மனம் கனக்கிறது. நம் மாவட்டத்தில் கணவர் எங்கே என்று தெரியாமல் வாழும் பெண்களின் குடும்பச் சட்டப் பிரச்சினை உலகத்தில் பல வக்கீல்களுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வராத பிரச்சினை. 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளவில் அகதிகளாக இருந்தவர்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் மனைவிமார் இன்று பாட்டிமார். அவர்களிடம் மரணச் சான்றிதழ் வாங்கு என்று சொல்வது, நீயே அவரை இறந்துவிட்டதாக எழுதிக் கொடு என்று சொல்வதற்குச் சமம். பலர் மறுத்தார்கள். மறுத்ததால் கணவரின் பெயரில் இருந்த காணியைத் தொட முடியாமலும், வங்கிப் பணத்தை எடுக்க முடியாமலும், பிள்ளையின் படிவங்களில் தகப்பன் பகுதியில் என்ன எழுதுவதென்று தெரியாமலும் இருந்தார்கள். காணாமற்போனவர்கள் விஷயத்தில் 2010 இல் வந்த சட்டம் மரணப் பதிவுக்கு மட்டுமே வழி தந்தது. 2016 இல் வந்த 16 ஆம் இலக்கத் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற இன்னொரு வழியைத் திறந்தது. இறந்துவிட்டார் என்று சொல்லாமலே, அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும், பிள்ளைகளுக்குப் பாதுகாவலராக நிற்கவும், அரசின் உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் அந்தச் சான்றிதழ் உதவும்.

இரண்டு சான்றிதழ்களில் எதை எடுப்பது என்பதை நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. எடுக்கும் முன் ஒரு சட்டத்தரணியோடு உட்கார்ந்து இரண்டின் விளைவையும் கேட்டுக்கொள்ளுங்கள். காணியை என்ன செய்யலாம், நட்டஈடு கேட்கும் உரிமை என்னவாகும், மறுமணம் என்றால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் உங்கள் கதையைக் கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும். யாரும் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்க விடாதீர்கள். நீதி கேட்டு நிற்பதும் காணியை எழுதி எடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை ஆக வேண்டியதில்லை.

பிள்ளைகள் பற்றியும் பல கேள்விகள் வந்திருக்கின்றன. ஆழிப்பேரலை நாளில் கல்முனை ஆஸ்பத்திரியில் 81 ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையை உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது தம்பதியர் உரிமை கோருகிறார்கள் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியது ஒரே தம்பதிதான் என்பது பின்னர் தெரியவந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரியால் பிள்ளையை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியவில்லை. தாங்கள்தான் பெற்றோர் என்று காட்டக்கூடிய காகிதங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. நீதிமன்றத்தின் உத்தரவில் மரபணுப் பரிசோதனை நடந்து, 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் பிள்ளை பெற்ற தாயின் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஏழு வாரங்கள். அந்தத் தாய்க்கு அது எப்படிப்பட்ட காலமாக இருந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. ஆனால் பெற்றோர் யார் என்பதில் பின்னால் ஒருவரும் கேள்வி கேட்க முடியாதபடி அந்தத் தீர்ப்பு நின்றது.

அதே ஆழிப்பேரலையிலும் யுத்தத்திலும் பெற்றோரை இழந்த எத்தனையோ பிள்ளைகளை அம்மம்மாமாரும் சின்னம்மாமாரும் எடுத்து வளர்த்தார்கள். எந்தக் காகிதமும் இல்லாமல் அன்பாக வளர்த்தார்கள், அது நம் மண்ணின் பெருமை. சிக்கல் பின்னால் வருகிறது. 1941 ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் கட்டளை தராவிட்டால், வளர்ப்புப் பிள்ளை எத்தனை வருடம் வீட்டில் வளர்ந்தாலும் வளர்த்தவரின் சொத்தில் மரணசாசனமில்லாமல் உரிமை பெறாது. பிள்ளை சின்னதாக இருக்கும்போதே இந்த வேலையைச் செய்ய வேண்டும், வளர்ந்தபின் மகவேற்புக்கு வழியில்லாமல் போய்விடும். அப்படிப் போய்விட்டால் மரணசாசனமோ நன்கொடை உறுதியோ எழுதுங்கள். பிரியும் தம்பதியரின் பிள்ளைகளைப் பொறுத்தவரை, யார் உழைக்கிறார், யார் பெரிய வீட்டில் இருக்கிறார் என்பதைவிடப் பிள்ளையின் நலனையே நீதிமன்றம் முதலில் பார்க்கும். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரே, பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறீர்கள், வருகிற பணம் யார் கணக்குக்குப் போகிறது, அற்றோணித் தத்துவம் கொடுத்தால் அதில் காணியை விற்கும் அதிகாரமும் சேர்ந்திருக்கிறதா என்று பயணத்துக்கு முன் ஒருவரிடம் வாசித்துக் கேளுங்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வாசகிகளே, உங்களை மறக்கவில்லை. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி உங்கள் வழக்குகள் காதி நீதிமன்றத்துக்குப் போகின்றன. அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது, காதியாக ஒரு பெண் இருக்கவும் முடியாது. இந்தச் சட்டத்தைத் திருத்த நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் அமைந்த குழு 2018 இல்தான் அறிக்கை கொடுத்தது. கிழக்கின் முஸ்லிம் பெண்கள் துணிந்து எழுப்பிய குரல்கள் இந்த விவாதத்தின் உயிர்நாடி. என் பக்கம் எது என்று கேட்டால் அவர்கள் பக்கம்தான். சட்டம் திருத்தப்படும்வரை, காதி முன் போவதற்கு முன்பே சட்டத்தரணியிடம் ஆலோசனை கேட்பதை யாரும் தடுக்கவில்லை. என்ன கேட்பது, எதை எழுத்தில் கேட்பது, மேன்முறையீடு எப்போது செய்வது என்று தெரிந்துகொண்டு போகலாம்.

கட்டணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படாதீர்கள். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: மொத்தமாக எவ்வளவு, இல்லாவிட்டால் தவணைக்கு எவ்வளவு, முத்திரைச் செலவு தனியா, வராத தவணைக்கும் பணமா. கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எதிர்த்தரப்புக்கும் அவரே எழுதித் தருகிறேன் என்றால் வேறு ஒருவரைப் பாருங்கள். "நூற்றுக்கு நூறு வெல்லலாம்" என்று சொல்பவரைவிட, "இது வெல்லக் கடினம்" என்று முகத்துக்கு நேரே சொல்பவரை நம்புங்கள். போகும்போது விவாக அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், உறுதி அல்லது பெர்மிட், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்திய அட்டைகள் என்று இருப்பதை எல்லாம் எடுத்துப் போங்கள். வழக்கை நடத்தச் சட்டத்தரணிக்கு அதிகாரம் கொடுக்கும் புரொக்சியில் கையெழுத்து வைக்குமுன் அது எந்த வழக்குக்கு என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அழைப்பாணை வந்தால் மட்டும் ஒரு நாளும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். போகாத தவணையில் உங்கள் பக்கக் கதையைக் கேட்காமலே தீர்ப்பு எழுதப்படலாம்.

கையில் பணமில்லாதவர்களுக்கும் கதவு இருக்கிறது. 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் மட்டக்களப்பில் இயங்குகிறது. வருமானம் குறைந்தவர்களுக்குத் தாபரிப்பு, விவாகரத்து, வீட்டு வன்முறை வழக்குகளில் அவர்கள் சட்டத்தரணியை ஒழுங்கு செய்வார்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து நம் பெண்களோடு நிற்கும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் குடும்ப ஆலோசகரும் இருக்கிறார்கள். சின்னச் சின்ன மனத்தாங்கலுக்கு முதலில் அவர்களிடம் போவதே நல்லது, எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் தேவைப்படாது. இரவில் ஆபத்து என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பெட்டியில் இருக்கும் உறுதியை எடுத்து, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள். புரியாத வரி இருந்தால் பெயரில்லாமலே எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் கேள்விகளைச் சட்டத்தரணியிடம் கொடுத்து அடுத்த இதழிலிருந்து பதில்களை வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்